ஒரு பெயரில் இரண்டு கழுத்து

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்த இரண்டு காகிதங்களிலிருந்து வந்தது. இரண்டும் ஸ்கேன் ரிப்போட். இரண்டும் ஒரே கழுத்தைப் பற்றியவை. ஒன்றில் அக்காவின் பெயர் இருக்கிறது. மற்றதில் அம்மாவின் பெயர்.

எனக்குப் பதினேழு வயது. உயிரியல் படிக்கிறேன். வருகிற வருடம் ஏ.எல். பரீட்சை. கதை எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கட்டுரைக்குப் பரிசு வாங்கினேன், ஆனால் அது சுற்றாடல் பாதுகாப்பைப் பற்றியது. இப்போது எழுதுவதற்குக் காரணம் பயம். யாரிடமாவது சொல்லவேண்டும். சொல்லக்கூடிய எல்லோரும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறார்கள். வெளியில் மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

2

முதல் தொடக்கம்:

"கொட்டாஞ்சேனையில் கோயில் மணி அடித்தபோது, யோசெப்பின் என்ற தாய் தன் மகள் டிலக்ஷியின் கழுத்தைத் தடவிப் பார்த்து—"

நிறுத்திவிட்டேன். யாரும் எங்களை அடையாளம் காணக்கூடாது என்பதற்காக வீட்டைக் கொட்டாஞ்சேனைக்கு மாற்றி, எல்லோரையும் கத்தோலிக்கர் ஆக்கியிருந்தேன். ஆனால் யோசெப்பின் என்ற அந்தத் தாய் வாயைத் திறக்கவேயில்லை. நான் கொட்டாஞ்சேனைக்குப் போனதே இரண்டு தரம். பயம் வந்தால் யோசெப்பின் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. என் அம்மா என்ன சொல்வாள் என்று தெரியும். "சத்தம் போடாதை" என்பாள்.

இரண்டாம் தொடக்கம்:

"தைரொயிட் என்பது கழுத்தின் முன்பக்கத்தில் அமைந்த நாளமில்லாச் சுரப்பி ஆகும். அதில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை—"

இது கதையல்ல, பத்துப் புள்ளிக்கான விடை. [அந்த வாக்கியம் "தீங்கற்றவை" என்று முடியும். அது உண்மை. அந்த உண்மையை ஒரு நாளைக்கு இருபது தரமாவது எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.]

ஆகவே திரும்பவும் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு அடுக்குமாடி ஃப்ளட், நாலாம் மாடி. அம்மா சிவமணி. அப்பா பாலசுந்தரம், புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மனேஜர். அக்காவுக்கு இருபத்தாறு வயது, கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கியில் வேலை. நான் யதுஷா. எங்கள் மூன்று பேரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அக்காவுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவளுக்கு வேறு பெயர் வைத்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

3

போன வருடம் வங்கியில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். அக்காவின் கழுத்தில் ஒரு சிறு கட்டி என்றார்கள். ஸ்கேன் எடுத்தாள், கொள்ளுப்பிட்டியில், தன் சொந்தப் பெயரில். ஒன்பது மில்லிமீற்றர். "பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வருடத்தில் திரும்பப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு வருடத்துக்குள் டொரண்டோவிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளையும் அக்காவும் வீடியோவில் கதைத்துச் சிரித்தார்கள். பிறகு அடுத்த ஸ்கேனுக்கான நாள் வந்தது. அம்மா தான் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன், அதாவது படிப்பதுபோல் இருந்தேன்.

"ஓம் மிஸ், தைரொயிட் ஸ்கேன். பேரோ?" அம்மா அக்காவைப் பார்த்தாள். "சிவமணி. மிஸிஸ் சிவமணி பாலசுந்தரம். வயசு நாப்பத்தொன்பது."

ஃபோனை வைத்ததும் அக்கா கேட்டாள்: "அம்மா, அது உங்கட பேரெல்லோ?"

"தெரியும். சத்தம் போடாதை. அங்க ரிசப்ஷனில நிக்கிறது ரெண்டாம் மாடி உமாசுதன்ர தங்கச்சி. உன்ர பேர் அங்க பதிஞ்சா பின்னேரமே ஃப்ளட் முழுக்கத் தெரியும். அடுத்த கிழமை டொரண்டோவுக்குத் தெரியும்."

"என்ர முகம் அவவுக்குத் தெரியாதோ?"

"நான்தான் பேர் குடுத்து ரிசப்ஷனில நிப்பன். நீ எனக்குத் துணைக்கு வந்த மாதிரி வா. கூப்பிட்டா உள்ளுக்குப் போறது நீ. மாஸ்க்கைப் போடு."

அப்படியே செய்தார்கள்.*

* இந்த இடத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள். கதை என்றால் நானும் நம்பமாட்டேன். ஆனால் ஸ்கேன் அறை இருட்டு. அங்கே கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். ஸ்கேன் செய்தவர் காகிதத்தில் வயதைப் பார்த்துவிட்டு, "யூ லுக் வெரி யங்" என்றாராம். அக்கா "தாங்க் யூ" என்றாளாம். அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லி நானும் அவளும் வயிறு நோகச் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

ரிப்போட் அம்மாவின் பெயரில் வந்தது. ஆகவே டொக்டரிடமும் அம்மாவேதான் போகவேண்டியிருந்தது. தனியாகப் போனாள். டொக்டர் நப்லா, ஒரு முஸ்லிம் பெண்மணி, அம்மாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அம்மாவிடம் இரத்தம் எடுக்கச் சொன்னார். "குடும்பத்தில யாருக்காவது தைரொயிட் கேன்சர்?" என்று கேட்டார். "இதுக்கு முந்தி எடுத்த ஸ்கேன் ஏதும்?" என்றும் கேட்டார். இரண்டுக்கும் அம்மா இல்லை என்றாளாம்.

இரத்த முடிவையும் காட்டிவிட்டு, பின்னேரம் பட்டீஸ் பையோடு வீட்டுக்கு வந்தாள். "பாத்தியளே? ரத்தமும் நல்லம், கையில தட்டுப்படவும் இல்லையாம். வாற வருஷம் ஒருக்கா ஸ்கேன் எடுத்தாக் காணுமாம். அதுக்குள்ள கலியாணம் முடிஞ்சிடும்."

அக்கா ஒரு பட்டீஸைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்றையும் எடுத்தாள். நான் என்னுடையதைப் பையிலேயே விட்டேன்.

4

கதை எழுதுவது எப்படி என்று இணையத்தில் தேடினேன். உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரை வெட்டி ஒட்டி ஒரு பாத்திரம் செய்யுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். இவரின் மூக்கு, அவரின் கோபம், இவரின் தொழில், அவரின் ஊர்.

அதை அம்மா எனக்கு முன்னமே செய்துவிட்டாள். டொக்டர் நப்லாவின் மேசையில் அம்மா வைத்தது ஒரு பாத்திரத்தை. படம் அக்காவுடையது. தடவிப் பார்த்த கழுத்து அம்மாவுடையது. இரத்தம் அம்மாவுடையது. குடும்பமும் அம்மாவுடையது. டொக்டர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணுக்குச் சரியான ஆலோசனை சொன்னார்.

[இந்தப் பகுதியின் முதல் வடிவத்தில் அம்மாவை மோசமானவளாக எழுதியிருந்தேன். பெரிய பொட்டு, உரத்த குரல், மகளின் உயிரைவிட மாப்பிள்ளை பெரிது. எழுதிவிட்டுப் படித்தால் அது யாரோ. என் அம்மா காலை நாலரைக்கு எழும்பி அக்காவுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறவள். அக்கா குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று "முழுங்கேக்க நோகுதோ?" என்று கேட்கிறவள். அந்த அம்மாவால் இதைச் செய்ய முடிந்தது என்பதுதான் எனக்குப் பயம். மோசமானவள் செய்திருந்தால் கதை சுலபம்.]

5

இனிக் கொஞ்சம் பாடம். பாய்ந்து போகாதீர்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஸ்கேன் கட்டியின் பெயரைச் சொல்லாது. இது புற்றுநோய், இது இல்லை என்று சொல்லாது. படத்தைப் பார்த்து ஐந்து கேள்வி கேட்கிறார்கள். உள்ளே திடமா, நீரா? சுற்றியிருக்கும் சுரப்பியைவிடக் கறுப்பாகத் தெரிகிறதா? படுத்திருக்கிறதா, அல்லது அகலத்தைவிட உயரம் கூடி நிற்கிறதா? ஓரம் ஒழுங்காக இருக்கிறதா? உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் உண்டா? ஒவ்வொரு விடைக்கும் புள்ளி. கூட்டினால் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு படி வரும்.

அக்காவினது திடம்: இரண்டு புள்ளி. கறுப்பு: இரண்டு புள்ளி. மற்ற மூன்றுக்கும் பூச்சியம். நாலு புள்ளி, நாலாம் படி. (நாலு என்ற இலக்கத்தைப் பார்த்ததும் புற்றுநோயின் நாலாம் கட்டம் என்று நினைத்துக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அது வேறு, இது வேறு. இந்த நாலாம் படியில் நூறு பேர் இருந்தால், ஐந்திலிருந்து இருபது பேருக்குத்தான் அது புற்றுநோய். 'தான்' என்று எழுதிவிட்டேன். வெட்டவில்லை.)

பிறகு அளவு பார்க்கிறார்கள். நாலாம் படியில் பதினைந்து மில்லிமீற்றர் என்றால் ஊசி குத்திக் கலங்களை, அதாவது செல்களை, எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குக் குறைவென்றால் காத்திருந்து பார்க்கலாம். அக்காவினது பதின்மூன்று. ஆகவே காத்திருக்கலாம்.

ஆனால் அலுமாரியில் இருந்த மற்றக் காகிதத்தில் போன வருடம் ஒன்பது. இந்த வருடம் பதின்மூன்று. அகலமும் கூடியிருக்கிறது. இரண்டு பக்கத்திலாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வளர்ந்ததாகக் கொள்வார்கள். இது அதைத் தாண்டிவிட்டது. டொக்டர் அந்த ஒன்பதைக் காணவில்லை. காட்டினால் பெயர் தெரிந்துவிடும்.

இரண்டு காகிதத்தையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபோனில் படம் எடுத்தேன். எழுத்துத் தெளிவாக விழ மூன்று தரம் எடுக்கவேண்டியிருந்தது.

6

அப்பாவைக் கதையில் சேர்ப்பதாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குப் பின்னால் இருக்கும் மனிதருக்கு ஒரு கதையில் என்ன வேலை என்று நினைத்தேன்.

"அப்பா, யோகேஸ்வரி மாமி ஏன் எப்பவும் கழுத்தை மூடிக் கிடக்கிற மாதிரி மாலை போடுறவ?"

யோகேஸ்வரி மாமி அப்பாவின் தங்கை. தெகிவளையில் இருக்கிறார்.

"ஒப்பரேஷன் தழும்பு பிள்ளை. தைரொயிட்டை எடுத்தது. நீ அப்ப கைக்குழந்தை."

"ஏன் எடுத்தவை?"

அப்பா பேப்பரை மடித்தார். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "கான்சர் எண்டவை. நாங்கள் அதைக் கதைக்கிறேல்லை. இப்ப நல்லாத்தானே இருக்கிறா, என்னைவிட வேகமா நடக்கிறா."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாமலோ? களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டு திரிஞ்சது ஆர், கொம்மாதானே. ஏன் கேக்கிறாய்?"

"சும்மா, பாடத்தில வருது" என்றேன்.

அது பொய்யுமில்லை.

7

அன்றைக்கே அக்காவிடம் படத்தைக் காட்டினேன். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அம்மா எவ்வளவு சந்தோஷமா இருக்கிறா" என்றாள். "ஒரு வருஷம்தானே யது."

"உனக்கு ஒரு வருஷம் எண்டு ஆர் சொன்னது? அம்மாவுக்கெல்லோ சொன்னது."

"நீ என்னை வெருட்டுறாய்."

"நானே வெருண்டு போய்த்தான் இருக்கிறன். நாளைக்கு டொக்டரைப் பாக்கச் சனல் பண்ணப்போறன். உன்ர பேரில. உன்ர முழுப்பேரில."

அவள் எழுந்து போய்க் கைப்பையைத் திறந்தாள். அடையாள அட்டையை எடுத்து என் புத்தகத்தின் மேல் வைத்தாள். நான் அந்த இலக்கத்தைப் போட்டு ஃபோனில் நேரம் பதிந்தேன்.

[இங்கே நான் ஒரு தைரியசாலி என்று எழுதலாம். இல்லை. பதிந்து முடித்ததும் அழிக்கத்தான் ஃபோனைத் திரும்ப எடுத்தேன். ஆனால் அழிக்கவில்லை.]

அம்மாவிடம் காலையில் சொன்னேன், தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது.

"உனக்கென்ன தெரியும்?" துருவுவதை நிறுத்தவில்லை. "ஏ.எல். எழுதமுன்னம் டொக்டராகிட்டியோ? படிச்ச மனிசி பாத்துச் சொன்னதை நீ மாத்தப்போறியோ?"

"அவ பாத்தது அக்காவை இல்லையே அம்மா."

"ஸ்கேன் அக்கான்ரதானே!"

"குடும்பத்தில ஆருக்கும் இருக்கோ எண்டு கேட்டவ. யோகேஸ்வரி மாமிக்கு இருந்ததெல்லோ."

"அவ கொப்பான்ர தங்கச்சி. என்னைத்தான் கேட்டவ, என்ர ஆக்களில ஒருத்தருக்கும் இல்லை. நான் பொய் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். தான் சொன்னது தனக்கே கேட்டிருக்க வேண்டும்.

"டொக்டர் எங்க தொட்டுப் பாத்தவ அம்மா?"

அம்மாவின் கை தானாகவே கழுத்துக்குப் போனது. வலது பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே. விரலில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது.

"அங்க ஒண்டும் இல்லை அம்மா."

அம்மா கையை எடுக்கவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இல்லாத ஒன்றைத் தேடுவதுபோல அழுத்திப் பார்த்தாள். பிறகு குனிந்து பாதித் தேங்காயை எடுத்தாள், துருவவில்லை.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.

"நாலரைக்கு."

"நானும் வாறன்."

8

தாதி அக்காவின் முழுப்பெயரையும் நடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். அம்மா குனிந்து தன் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினாள். அக்கா எழுந்து போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

டொக்டர் நப்லா முதலில் அம்மாவைத்தான் பார்த்தார். "மிஸிஸ் சிவமணி தானே? போன கிழமை வந்தீங்க. இண்டைக்கு மகளுக்கா?"

நான் இரண்டு காகிதத்தையும் மேசையில் வைத்தேன். சொல்லவேண்டியதை பஸ்ஸில் ஒன்பது தரம் மனப்பாடம் செய்திருந்தேன். "டொக்டர், இந்த ரெண்டு ரிப்போட்டும்—" அதற்கு மேல் வரவில்லை. ஒன்பது தரமும் எங்கேயோ போய்விட்டது.

அம்மாதான் சொன்னாள்.

"டொக்டர், நீங்க போன கிழமை பாத்தது என்ர கழுத்து. ஸ்கேன் இவளின்ர. பேர் நான் குடுத்தனான். இவளுக்கு ஒண்டும் தெரியாது, பிழை என்ர."

டொக்டர் பேனாவை மூடினார். மூடியைத் திரும்பத் திறந்தார்.

"அப்போ நான் உங்கட கழுத்துல இவட கட்டியத் தேடிக்கொண்டா இருந்த?"

"ஓம்."

"அந்த ரத்தம்?"

"அதும் என்ர."

"யா அல்லாஹ். என்னத்துக்கு உம்மா இப்பிடி?"

"ஒரு சம்பந்தம் பேசி வந்தது டொக்டர்."

டொக்டர் சத்தம் போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அக்காவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "இஞ்ச வாங்க புள்ள. முழுங்குங்க. இன்னொருக்கா." விரல்கள் ஓரிடத்தில் நின்றன. "இந்தா ஈக்குது. கைக்குத் தெரியுது."

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். இந்தமுறை அக்கா பதில் சொன்னாள். மாமி என்று சொன்னபோது டொக்டர் தலையை ஆட்டினார். "வாப்பாட தங்கச்சி எண்டா கொஞ்சம் தூரம்தான். எண்டாலும் எழுதிக்கொள்ளோணும்." ஒன்பதின் கீழும் பதின்மூன்றின் கீழும் கோடு இழுத்தார். "அளவை மட்டும் பாத்தா இன்னம் காத்திருக்கலாம். ஆனா இது வளந்தீக்குது. நான் காத்திருக்க மாட்டன். வியாழக்கிழமை ஸ்கேனில பாத்துக்கொண்டே ஊசி போட்டு எடுப்பம்."

கதவடியில் வைத்து என்னிடம் கேட்டார்: "ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தது நீங்களா?"

"ஓம்."

"பயந்தீங்களா?"

"இப்பவும்."

"பயந்துகொண்டே படிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை ஊசி போட்டார்கள். அக்கா இரண்டு நாள் கழுத்தில் ஒரு சிறு பிளாஸ்டரோடு வேலைக்குப் போனாள். மாஸ்க் போடவில்லை. டொரண்டோவுக்குச் சொன்னாளா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அக்காவின் கதை. அதை எழுத எனக்கு அனுமதி தரவில்லை. நான் கேட்டேன். "போடி" என்றாள்.

9

முடிவுகள்.

(அ) ரிப்போட்டில் தீங்கற்றது என்று வருகிறது. அம்மா, "பாத்தியே, வீணா எல்லாரையும் அலைக்கழிச்சுப்போட்டாய்" என்கிறாள். வாசகர்களும் அப்படித்தான் நினைப்பார்கள்.

(ஆ) மற்றது வருகிறது. நேரத்தோடு கண்டுபிடித்ததால் ஒப்பரேஷன் செய்கிறார்கள். நான் அக்காவைக் காப்பாற்றிய கெட்டிக்காரத் தங்கை ஆகிறேன். இந்த முடிவில் நான் நன்றாகத் தெரிகிறேன். அதற்காகவே இதை வெறுக்கிறேன். எனக்கு நல்ல முடிவு வர அக்காவுக்கு அது வரவேண்டுமா?

(இ) எடுத்த கலங்கள் போதாது, திரும்பவும் ஊசி குத்தவேண்டும். இப்படியும் நடப்பதுண்டு. கதையில் எழுதினால் புத்தகத்தைத் தூக்கி எறிவீர்கள்.

(ஈ) டொரண்டோ மாப்பிள்ளை அடுத்த விமானத்தில் ஏறி— இல்லை.

மூன்று நாளாக இவற்றைத் திருத்தித் திருத்தி எழுதினேன். நேற்று எல்லோரும் படுத்த பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. எந்த முடிவை ஒட்டினாலும், நான் செய்தது சரியா பிழையா என்பதை அந்தக் காகிதம் தீர்மானிக்கிறது. கட்டிலில் இரண்டு ரிப்போட்டையும் வைத்துப் பார்த்தபோது என்னிடம் அந்தக் காகிதம் இருக்கவில்லை. ஒன்பதும் பதின்மூன்றும்தான் இருந்தன. ஒரு மாமி இருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே என்ன செய்வது என்று முடிவெடுக்கவேண்டியிருந்தது. ஸ்கேன் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு நாளும் அதைத்தான் செய்கிறார்கள். விடை (அ) என்றாலும் நான் அந்த நாலரை மணிக்குப் பதிந்திருப்பேன். (ஆ) என்றாலும் அதே. அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை.

ரிப்போட் பதினாலாந் தேதி வரும். இன்று பன்னிரண்டு. கதையை இன்றே முடிக்கிறேன், வேண்டுமென்றே. இரண்டு நாள் பொறுத்திருந்தால் உண்மையான முடிவு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அது கிடைத்தால் அது அக்காவுடையது. உங்களுக்குத் தரமாட்டேன்.

கோபிக்கவேண்டாம். முடிவின் தொடக்கத்தை மட்டும் எழுதித் தருகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது உங்களுக்கும் பயத்தில் ஒரு 'தான்' விழுந்தால், வெட்டாமல் அப்படியே விடுங்கள்.

பதினாலாந் தேதி காலை எட்டரைக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். அப்பா லீவு போட்டிருந்தார். கவுண்டருக்கு முன்னால் வெள்ளவத்தையே வரிசையில் நின்றது, அதில் பாதிப் பேருக்கு அம்மாவைத் தெரியும். உள்ளே இருந்த பெண் ஒட்டிய உறைகளைப் புரட்டிக்கொண்டே பேர் என்ன என்று கேட்டாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வரிசையைப் பார்க்கவில்லை. கவுண்டரை நோக்கி ஓரடி முன்னுக்கு வந்து, வாயைத் திறந்து,